அப்பாவை மாமா உதைத்தது

கிளிவெட்டியில் ஷெல் விழத் தொடங்கிய பிறகு நாங்கள் மூதூருக்கு வந்து, அங்கிருந்து திருகோணமலை நகரத்துக்குப் படகேறினோம். எனக்கு அப்போது ஏழு வயது. அப்பா கமக்காரர், வயலில் நிற்கும் தண்ணீருக்கு மேல் ஆழம் கண்டதில்லை. எங்களோடு வந்த மாமா, அம்மாவின் தம்பி, கடல்தொழில் செய்தவர். அத்தான் என்ற மரியாதையில் அப்பாவுக்கு முன்னால் அவர் கதிரையில்கூட உட்காருவதில்லை.

குடாவின் நடுவில் ஓர் அலை படகைச் சரித்தது. சரிந்த நெல்மூட்டையைப் பிடிக்க எழுந்த அப்பா மூட்டையோடு கடலில் விழுந்தார். மூட்டை போய்விட்டது. அப்பா மேலே வந்து கத்தினார்.

மாமா மிதவைக்காக ஒரு வெறும் டீசல் கானோடு குதித்தார். ஆனால் கைக்கு எட்டாத தூரத்திலேயே மிதந்துகொண்டு கானைத் தள்ளிவிட்டார்.

“அத்தான், கானைப் பிடியுங்கோ! என்னைப் பிடிக்காதேங்கோ!”

அப்பா கானைப் பார்க்கவே இல்லை. மாமாவின் கழுத்தை நோக்கிப் பாய்ந்தார். மாமா மல்லாந்து, அப்பாவின் நெஞ்சில் காலை வைத்து உதைத்துத் தள்ளினார்.

படகு முழுவதும் கூவியது. “என்னடா, விடுப்போ பாக்கிறாய்?” என்று, மாமா வேடிக்கை பார்ப்பதாக எண்ணி ஒரு கிழவர் ஏசினார்.

“கெதியா இழு தம்பி! நடுவில நிண்டா நேவிக்காரன் வந்திடுவான்,” என்றார் படகோட்டி.

“இப்ப கிட்டப் போக ஏலாது. அவர் களைக்கட்டும்,” என்றார் மாமா.

அம்மா படகின் விளிம்பைப் பிடித்தபடி கத்தினார்: “உன்னைப் பிடிக்க விடாதையடா!”

தன் தம்பியிடம்தான் அப்படிச் சொன்னார். நான் கோபத்தில் அம்மாவைவிட்டுத் தள்ளிப் போய் இருந்தேன்.

அப்பாவின் கைகள் ஓய்ந்தன. தலை தாழ்ந்தது. உடனே மாமா பின்பக்கமாகப் போய், அவருடைய அக்குளுக்குள் கை கொடுத்து, முகம் வானம் பார்க்கப் படகுக்கு இழுத்து வந்தார்.

நீரில் தவிப்பவர் கையில் அகப்பட்டதன் மேல் ஏறத்தான் பார்ப்பார். அது ஆளென்றால் இருவரும் போவார்கள். அன்று எனக்கு அது தெரியாது. மாமாவுக்கு இனி நல்ல ஏச்சு விழும் என்று காத்திருந்தேன்.

அப்பா உப்புத் தண்ணீரை வாந்தியெடுத்தார். பேச முடிந்ததும் அம்மாவைப் பார்த்தார்.

“நான் அவனைப் பிடிச்சனானோ?”

“இல்லை.”

“உண்மையாவோ?”

“ஓம். அங்கால இருக்கிறான், பாருங்கோ.”

அப்பா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். உதைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்தது.