ஜீப்பின் சின்ன லீவர்

அன்று காலை எழுந்ததும் முதலில் நான் செய்தது, அப்பாவின் தோல் செருப்பைத் தட்டி மணலை உதிர்த்ததுதான். முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை, கடற்கரைக்குப் போய் வந்திருந்தோம். ஈரத்தோலும் உப்பும் கலந்த அந்த வாசனை இன்னும் மூக்கிலேயே இருக்கிறது...

வலது செருப்பின் குதிகாலில் அடித்திருந்த இரும்பு லாடம் பாதி பெயர்ந்து தொங்கியது.

அது எப்படிப் பெயர்ந்தது என்று எனக்குத் தெரியும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பத்து வயது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். ராணுவம் கழித்துப்போட்ட ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்தார். துணி பேல் ஏற்றுவதற்காம். ஊரிலிருந்து வருகிறவர்களை ஏற்றிச் சுற்றத்தான் அதிகம் ஓடியது.

அதை ஓட்டியவர் மாணிக்கம் அண்ணன். நொச்சிக்குப்பத்துக்காரர். ஞாயிறு அவருக்கு லீவு.

கியருக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு லீவர் இருக்கும். அதைப் போட்டால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். மணலுக்கு நல்லது. தார் ரோட்டில் கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் போகும் தூரம் வேறு வேறு. மணலில் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தாரில் வழுக்க இடமில்லாமல் ஒன்றையொன்று முறுக்கும்.

சனிக்கிழமையே மாணிக்கம் அண்ணன் சொல்லிவிட்டுத்தான் போனார். "மொதலாளி, ரோட்டுல ஏறுறதுக்கு முன்னால சின்ன லீவரை எடுத்துருங்க. மாட்டிக்கினா நாலடி ரிவர்ஸ் வாங்க, தானா வுட்டுரும். பலம் மட்டும் காட்டாதீங்க."

அப்பா காட்டினார்.

மணலில் ஜோராக ஓட்டினார். எடுக்க மறந்து தார் ரோட்டில் ஏறித் திரும்பியபோது வண்டி முக்கியது. லீவர் அசையவில்லை. பின்சீட்டில் ஊரிலிருந்து வந்திருந்த மாமா சிரித்தார். "என்ன மச்சான், ஒமக்கு வண்டி அடங்க மாட்டேங்குதே."

அந்தச் சிரிப்புக்குப் பிறகு அப்பா ரிவர்ஸ் போடுவாரா? லீவரின் அடியில் குதிகாலால் ஓங்கி மிதித்தார். மூன்றாவது மிதியில் லீவர் வந்துவிட்டது.

"பாத்தீரா?" என்றார் மாமாவிடம்.

திங்கட்கிழமை பனகல் பார்க் வளைவில் டயர்கள் கீச்சிட்டன. ஸ்டியரிங் திருப்பினால் திரும்பி வரவில்லை. மாணிக்கம் அண்ணன் முதலில் பார்த்ததே அந்த லீவரைத்தான். அது சரியான இடத்தில் இருந்தது. பிரேக்கைத் தளர்த்தினார், சக்கரத்துக்கு கிரீஸ் வைத்தார்... ஒரு வாரம் போனது.

"பிரேக் புடிச்சிக்கினே ஓட்ற மாதிரி கீது மொதலாளி."

"நீ எங்கயாவது கொண்டுபோய் முட்டியிருப்ப."

சனிக்கிழமை ராயப்பேட்டை ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். பள்ளி விடுமுறை, நானும் தொற்றிக்கொண்டேன். மெக்கானிக் பாய் ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கினார். கையால் சுற்றிப் பார்த்தார். சுற்றவே இல்லை.

"லீவர் வெளில கீது, பல்லு உள்ளயே கீது" என்றார். முன் சக்கர இழுப்பு இன்னும் விலகவே இல்லையாம்.

கழற்றினார்கள். உள்ளே பல்சக்கரத்தை நகர்த்தும் இரும்புக் கவை வளைந்திருந்தது. "எவனோ மிதிச்சிக்கிறான்பா." லீவரின் அடியில் பிறை மாதிரி ஒரு வெட்டு. அதை விரலால் தடவிக் காட்டினார் பாய்.

மாணிக்கம் அண்ணன் காலில் ரப்பர் செருப்பு. அப்பாவின் செருப்பில் புது லாடம், அந்த வாரம் அடித்தது. பாய் இரண்டு ஜோடிக் கால்களையும் பார்த்தார். பிறகு ஸ்பானர் தேட உள்ளே போய்விட்டார்.

"ஓட்டுறவன் நீ. நீதான் பதில் சொல்லணும்" என்றார் அப்பா.

"நான் மிதிக்கல மொதலாளி. ஞாயித்துக்கெயம நீங்கதான..."

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீதான முன்னால இருந்த? பீச்சுலேருந்து வரும்போது வண்டி நல்லாத்தான ஓடுச்சு? சொல்லுட்டி."

மாணிக்கம் அண்ணனும் என்னைத்தான் பார்த்தார்.

"ஆமாப்பா."

அன்றே அவரை நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கடை வேலையை விட்டு அனுப்பிய ஆளை, அந்த முதலாளியைக் கேட்காமல் அடுத்த கடை சேர்க்காது. கேட்டவர்களிடமெல்லாம் அப்பா ஒரே பதில் சொன்னார்: வண்டியை உடைத்தவன்.

இரண்டு வருஷம் கழித்து ராயப்பேட்டை மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். ஐஸ் பெட்டி ஏற்றிய கைவண்டியை இழுத்துக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தி, துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"இன்னா பாப்பா, ஜீப் நல்லா ஓடுதா?"

கிண்டல் இல்லை. நிஜமாகத்தான் கேட்டார். "ஓடுதுண்ணே" என்றேன். அவரை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

இப்போது நான் ஓட்டும் காரில் அந்த மாதிரி லீவர் எல்லாம் கிடையாது. ஏதாவது தவறாகப் போட்டால் சின்ன விளக்கு எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒரு குழந்தையின் வாயைப் பார்த்துக்கொண்டு யாரும் நிற்க வேண்டியதில்லை...

அடுத்த மாதம் அப்பாவுக்கு எண்பது. மண்டபம் பிடித்தாயிற்று. டிரைவர் ஜீப்பை உடைத்த கதையை அப்பா ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள். இந்த முறை அவருக்கு மூச்சு வாங்குகிறது. மேடையில் என்னைச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். "நீதான கூட இருந்தவ" என்றான் தம்பி.

சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன். லாடத்திலிருந்து ஆரம்பிக்கப் போகிறேன். அப்பா முன்வரிசையில் இருப்பார். அது வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.