பிரசாதம் சாப்பாட்டில் சேராது

என் வீட்டுக்காரருக்கு அறுபத்தாறு வயது. ஒரகடத்துக் கம்பெனி ஒன்றுக்கு வேன் ஓட்டுகிறார். "எனக்குத்தான் சுகர் இல்லியே" என்பது அவருடைய தினப்படிப் பல்லவி. காலை ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டதும் போண்டா, மாலை ஷிப்டுக்குப் பஜ்ஜி.

ஸ்ரீபெரும்புதூர் டாக்டர் அந்தப் பல்லவியை நிறுத்தினார்.

"சுகர் சரியாத்தான் இருக்கு. ஆனா கெட்ட கொழுப்பு ஏறி, நல்ல கொழுப்பு இறங்கியிருக்கு. சுகரை அடக்க உடம்பு இன்சுலினை அதிகமா சுரக்குதோன்னு சந்தேகம். இந்த வயசுல ரெண்டும் சேர்ந்தா இதயத்துக்கு ஆகாது. வெறும் வயித்துல ரெண்டையும் பார்த்துடுவோம்."

இவருடைய தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தவர். எப்போது டெஸ்ட் என்று இவரை நச்சரித்தேன்.

இவர் கிருத்திகை நாளைத் தேர்ந்தெடுத்தார். "அன்னிக்கு எப்டியும் விரதம்தான. தனியா இன்னாத்துக்குப் பட்டினி கெடக்கணும்?" வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டு நேராகப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்.

இன்சுலின் எங்கேயோ போய் நின்றது. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். "காலையில எதுவுமே சாப்பிடலையா?"

"விரதம் சார். கோயில்ல பஞ்சாமிர்தம் குட்த்தாங்க, ஒரு தொன்னை. அவ்ளோதான்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். அவரோ, "இன்னாமே நீ, பிரசாதத்தைப் போயி சாப்பாட்டுல சேக்கற" என்று என்னையே முறைத்தார். வாழைப்பழம், வெல்லம், பேரீச்சம்பழம், தேன். முருகன் பேரைச் சொன்னால் இன்சுலின் கண்ணை மூடிக்கொள்ளுமா?

வாரம் முழுக்கத் திட்டினேன். அடுப்படியில் திட்டினேன், கொடியில் துணி போடும்போது திட்டினேன். உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியும் இருந்ததைச் சொல்லத்தான் வேண்டும். எல்லாம் பஞ்சாமிர்தம் செய்த வேலை, அவர் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பினேன்.

மறுபடி டெஸ்ட் எடுக்க நானே கூடப் போனேன். விபூதியைக்கூட வாயில் போட விடவில்லை.

இன்சுலின் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனாலும் இருக்க வேண்டிய அளவுக்கு மேலேதான் நின்றது. கொலஸ்ட்ரால் அசையவே இல்லை. டாக்டர் நேராக மாத்திரை எழுதினார்.

திரும்பும்போது போண்டாக் கடையருகே வேன் மெதுவானது. நிற்காமல் போய்விட்டது.

"இன்னாமே, திட்ட மாட்டியா?" என்றார்.

மாத்திரைச் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டேன். பஞ்சாமிர்தம் இல்லையே, இனி எதைத் திட்டுவது?