ஆங்கிலத்தில் உயிரோடிருந்த அம்மா

சிறுவாச்சூரில் கோயில் நடை திறக்கிற திங்களும் வெள்ளியும் செந்தில்குமாருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. தேங்காயும் எலுமிச்சை மாலையும் விற்கும் அவன் கடையில் காலையில் கூடுகிற கூட்டம் பொழுது சாயும்வரை கலையாது. அந்த இரண்டு நாட்களில்தான் அவன் மனைவி லீலாவதி வீட்டு டிவியை ஜப்பானிய மொழிக்கு மாற்றுவாள்.

லீலாவதி பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். ஜப்பானில் முதியோரைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கிறார்கள் என்று கூட வேலை பார்த்த காத்தாயி சொல்ல, இருவருமாக ஆன்லைனில் அந்த மொழியைப் படிக்கத் தொடங்கினார்கள். செந்தில்குமார் அப்போது தடை சொல்லவில்லை. பாடம் எடுத்தவர் சென்னைக்காரப் பெண்மணி. டீச்சர் என்பதற்கான ஜப்பானியச் சொல்லால் அவரை எல்லோரும் சென்செய் என்றுதான் அழைப்பார்கள்.

"புத்தகத்தையே கட்டிக்கிட்டு அழாதீங்க. சின்னப் பிள்ளைங்க பாக்குற கார்ட்டூனைப் பாருங்க. அதுலதான் பேச்சு எளிமையா இருக்கும்" என்றார் அவர்.

தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. எட்டு வயது மகள் தமிழ்மொழி தினமும் பார்க்கும் கார்ட்டூனே ஜப்பானில் எடுத்ததுதான். தீவொன்றில் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் அப்பா, அவரோடு ஒரு சிறுமி, அவளுக்குத் துணையாக ஒரு நீர்நாய். தமிழ்மொழி அதை ஆங்கிலத்தில் பார்ப்பாள். லீலாவதி ரிமோட்டை வாங்கி மூல மொழிக்கு மாற்றினாள். படம் அதேதான், ஆனால் வேறு யாரோ வீட்டுக்குள் நுழைந்துவிட்டது போலிருந்தது. ஆங்கிலத்தில் அந்த நீர்நாய் ஓயாமல் ஜோக்கடிக்கும். இங்கே கீச்சென்று கத்துவதோடு சரி. அங்கே விடாமல் பாட்டு ஓடும். இங்கே அலைச் சத்தம் கேட்டது. சிறுமி டப்பாவைத் திறந்து சோற்று உருண்டையைக் கையில் எடுக்கிறாள், ஆங்கிலக் குரலோ அதைக் கூசாமல் சாண்ட்விச் என்கிறது.

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது சிறுமி வாசலில் நின்று 'இத்தெகிமாஸ்' என்பாள். ஆங்கிலத்தில் அது வெறும் 'பை டாடி'. அதன் அர்த்தம் தெரிந்தபோது லீலாவதி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். போயிட்டு வரேன். அவ்வளவுதான். அப்பா பதிலுக்குச் சொல்வதும் போயிட்டு வா என்பதுதான். உடையார்பாளையத்தில் அவள் பிறந்த வீட்டில் யாராவது வெறுமனே 'போறேன்' என்று சொல்லிவிட்டால் திட்டு விழும். கடலுக்கு அப்பால் இருக்கிறவர்களுக்கும் அதே பயம் இருப்பது அவளுக்கு என்னவோ தைரியத்தைக் கொடுத்தது.

அவளும் காத்தாயியும் தேர்வில் தேறினார்கள். ஒரு முதியோர் இல்லம் இருவரையுமே எடுத்துக்கொண்டது. பாஸ்போர்ட் வந்தது. விசாவுக்குக் காத்திருந்த ஆடி மாதத்தில் மாமனார் அய்யாக்கண்ணு கொல்லையில் சாய்ந்து விழுந்தார். பக்கவாதத்தில் வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று.

"நீ போயி அங்க யாரோ ஒரு பெரியவருக்குச் செய்யப்போறதை, இங்க எங்கப்பாவுக்குச் செய்யேன்" என்றான் செந்தில்குமார்.

"வேற ஆளு வச்சுக்கலாங்க. நான் பணம் அனுப்புறேன்."

"ஆளா? பெத்த மவன் எனக்கே அவருக்கு மூத்திரப் பை மாத்தத் தெரியல. உன்ன வுட்டா எனக்கு யாரு இருக்கா, சொல்லு?"

அவன் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். அவன் கண்கலங்கி நின்றான். காத்தாயி மட்டும் விமானம் ஏறினாள். லீலாவதி ஆஸ்பத்திரி வேலையையும் விட்டாள்.

பெரியவரின் கட்டிலை டிவி இருந்த கூடத்திலேயே போட்டார்கள். அதன் பிறகு அவளுடைய உலகம் அந்தக் கூடம்தான். கஞ்சி, மருந்து, துடைப்பு, புரட்டிப் படுக்கவைப்பது, மறுபடி கஞ்சி. ஜன்னலுக்கு வெளியே நெடுஞ்சாலையில் பஸ்கள் திருச்சிக்கும் சென்னைக்கும் பறந்துகொண்டிருக்கும். படித்தது மறந்துவிடக் கூடாதே என்று பெரியவரிடமே ஜப்பானியத்தில் பேசிப் பார்ப்பாள். 'எழுந்து உட்காரலாமா', 'வலிக்கிறதா' என்று கேட்பாள். அவர் ஓரக்கண்ணால் அவளைப் பார்ப்பார். ஒருநாள் இதைக் கேட்ட செந்தில்குமார், "எங்கப்பாகிட்ட என்ன பாஷை பேசுற? அவரு பயந்துக்கப் போறாரு" என்றான். பிறகு அவன் இருக்கும்போது அவள் வாயைத் திறப்பதில்லை.

மகளும் எதிர்க்கட்சிதான். "இங்கிலீஷ்ல வைம்மா. வூட்லயும் இங்கிலீஷ் கேக்கணும்னு மிஸ் சொல்லிருக்காங்க."

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறை. செந்தில்குமார் கடையில். லீலாவதி பெரியவருக்கு முதுகில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். கார்ட்டூன் ஜப்பானியத்தில் ஓடியது. கட்டிலடியில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்த தமிழ்மொழி திடீரென்று நிமிர்ந்தாள்.

"இவ ஏன் இந்த எடத்துல பேசவே மாட்டேங்குறா?"

சிறுமி ஒரு சின்ன அலமாரிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள். பேச்சில்லை, பாட்டில்லை.

"இங்கிலீஷ்ல என்ன சொல்லுவா?"

"அம்மா சிட்டில வேலை பாக்குறாங்க, சீக்கிரம் வந்துடுவாங்கன்னு நீர்நாய்கிட்ட சொல்லுவா." தமிழ்மொழி டிவிக்குப் பக்கத்தில் போனாள். "உள்ள ஒரு போட்டோ இருக்கும்மா. இவ ஊதுவத்தி ஏத்துறா."

லீலாவதியின் கை நின்றது. மகள் மெதுவாகத் திரும்பினாள்.

"அவங்கம்மா செத்துட்டாங்களா?"

"ஆமாம்மா."

"இதே படத்தை எத்தனை தடவ பாத்திருக்கேன்! ஊதுவத்தி அப்பவும் இருந்துச்சுல்ல? பேசிப் பேசியே என்னைப் பாக்க வுடாம பண்ணிட்டாங்க." முகம் சிவந்துவிட்டது. "பொய்யி. எல்லாம் பொய்யி."

"சின்னப் பிள்ளைங்க அழுவாங்கன்னு மாத்தியிருப்பாங்கடா."

தமிழ்மொழி ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள். பிறகு கேட்டாள்: "நீ ஜப்பான் போறேன்னப்ப சீக்கிரம் வந்துடுவேன்னு சொன்னியே. எப்ப வந்திருப்ப?"

மூன்று வருஷ ஒப்பந்தம் அது. லீலாவதி பவுடர் டப்பாவை மூடினாள், திறந்தாள். "மூணு வருஷம் ஆகியிருக்கும்" என்றாள்.

மகள் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். சாயங்காலம் வரை அம்மாவிடம் பேசவில்லை. அன்றுதான் லீலாவதிக்குப் புரிந்தது: பெரியவர் நாளைக்கே எழுந்து நடந்தாலும் தான் இந்த வீட்டைவிட்டு எளிதாகக் கிளம்பிவிட முடியாது. வாசலை மறித்து நிற்பது செந்தில்குமார் மட்டுமல்ல.

அடுத்த மாதம் சென்செய் கூப்பிட்டார். புதிதாக ஓர் இல்லம் நேர்காணல் வைத்திருக்கிறது, வருகிறாளா என்று கேட்டார்.

"இப்ப முடியாதுங்க" என்றாள்.

"லிஸ்ட்லேருந்து பேரை எடுத்துடட்டுமா?"

"இருக்கட்டுங்க" என்று அவசரமாகச் சொன்னாள்.

அதற்குள் தமிழ்மொழி பழையபடி பேசத் தொடங்கியிருந்தாள். ஆனால் அந்தக் கார்ட்டூனை எந்த மொழியிலும் பார்க்க மறுத்துவிட்டாள். டிவியில் இப்போது வேறு ஏதோ ஆங்கிலத்தில் அலறுகிறது.

காத்தாயி அவ்வப்போது வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். சென்ற வாரம் வந்ததில் அவள் குரலில் அலுப்பு. "ஏண்டி லீலா, நாம கார்ட்டூன்ல கேட்ட மாதிரி இங்க ஒருத்தரும் பேச மாட்டேங்குறாங்கடி. எல்லாரும் அவங்கவங்க ஊரு பேச்சு. பல்லு வேற இல்ல. இதக் கேளு."

அதன் பின்னே ஒரு கிழவரின் குரல், இழுத்து இழுத்து, எதையோ கெஞ்சிக் கேட்பது போல். லீலாவதி மூன்று முறை கேட்டாள். ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. நாலாவது முறை சத்தத்தைக் கூட்டியபோது, கட்டிலில் அய்யாக்கண்ணு தலையைத் திருப்பினார். கோணிய வாய் அசைந்தது. "ங்கா" என்று அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம், யாருக்கோ பதில் சொல்வது போல.

"தண்ணியா மாமா?" என்று கேட்டாள்.

அவர் இல்லை என்பதாகக் கண்ணை மூடித் திறந்தார். அவள் போனைத் தலையணைமேல் வைத்து இன்னொரு முறை ஓடவிட்டாள். பிறகு அவரைப் புரட்டிப் படுக்கவைக்கிற நேரமாகியிருந்ததால், புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு அவர் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்தாள்.