கேஸ் இல்லாத கோலா

மனைவியின் கருமாதி முடிந்த மறுவாரமே வேலைக்குத் திரும்பிவிட்டேன். சாப்பாட்டுக் கடைகளில் குளிர்பானம் ஊற்றும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. ஈப்போவிலிருந்து தைப்பிங், பாகான் செராய், லூமுட் என்று வேனை ஓட்டிக்கொண்டு போவேன். கம்பெனியில் இன்னும் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். வீட்டில் இருந்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அழுகை வரவில்லை. மருத்துவமனையிலும் வரவில்லை, சுடுகாட்டிலும் வரவில்லை. சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

அந்த வாரம் ஒருநாள் போனது ரப்பர்த் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பு ஒன்றில் இருந்த பொரித்த கோழிக் கடைக்கு. நடத்துபவர் என்னைவிடச் சற்று இளைய தமிழ்ப் பெண். கோலாவில் கேஸே இல்லை, சீனித் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று வாங்கியவர்கள் திருப்பிக் கொடுக்கிறார்களாம். கேஸ் அடைத்த இரும்புத் தோங்கை மாற்றிப் பார்த்தும் சரியாகவில்லை என்றார்.

எல்லோரும் முதலில் தோங்கைத்தான் சந்தேகப்படுவார்கள். அழுத்தம் காட்டும் முள் சரியான இடத்தில் நின்றது. குழாய் மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவிப் பார்த்தேன், கசிவில்லை. பம்ப்பும் ஓடியது. பிறகு ஒரு கோப்பையில் வெறும் சோடாவைப் பிடித்து வெப்பமானியை வைத்தேன். குளிர் போதவில்லை. குளிராத தண்ணீரில் கேஸ் நிற்காது, ஊற்றியதும் பறந்துவிடும். பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன். சூட்டை வெளியே தள்ளும் பகுதி முழுக்க எண்ணெய்ப் பிசுக்கும் மாவுத் தூசியும் சேர்ந்து அட்டைபோல அப்பியிருந்தது. பொரிக்கும் அடுப்பு பக்கத்திலேயே இருந்தது, காரணம் அதுதான்.

தூரிகையால் சுரண்டி எடுத்துவிட்டு ஓடவிட்டேன். உள்ளே தண்ணீரைக் குளிர்விக்கும் பனி பிடிக்க மதியம் கடந்துவிடும். ஒரு மூலையில் உட்கார்ந்தேன். சோறும் கோழியும் கொண்டுவந்து வைத்து, காரம் போதுமா என்று அந்தப் பெண் கேட்டார். தலையாட்டினேன். சாப்பிட்டு முடித்தேன்.

பனி பிடித்ததும் கோலாப் பாகும் சோடாத் தண்ணீரும் கலக்கும் அளவை அளந்தேன். சரியாக இருந்தது. கடைசியாக ஒரு வாய் குடித்துப் பார்ப்பது என் பழக்கம். குடித்தேன். நாக்கில் குமிழி குத்தியது. இனிப்பு இல்லை. பாகு தீர்ந்திருக்கும் என்று பாகுப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தால் கனமாக இருந்தது. ஆரஞ்சுக் குழாயிலும் பிடித்துக் குடித்தேன். அதுவும் அப்படியே.

கோப்பையை அவரிடம் நீட்டினேன். ஒரு மிடறு குடித்தவர் முகத்தைச் சுளித்தார்.

"கேஸ் நல்லா இருக்குண்ணே. ஆனா என்னமோ ஊத்தை வாசம் அடிக்குது. உங்களுக்குத் தெரியலையா?"

முகர்ந்து பார்த்தேன். "தெரியலம்மா."

குழாயின் ஊற்றும் மூக்கைக் கழற்றினால் உட்புறம் கறுப்பாக வழுவழுவென்று பாசி. கிருமி கொல்லும் மருந்துத் தண்ணீரில் ஊறப் போட்டேன். கோவிட் ஏதும் வந்ததா என்று அவர் கேட்டார்.

"இல்ல. என் வீட்டுக்காரி இறந்துட்டா. அதுக்கப்புறம் எதுவும் தெரியல போலருக்கு. இப்பத்தான் கவனிக்கிறேன்."

அவள் இறந்ததை நானே வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவரை எல்லோருக்கும் மற்றவர்கள்தான் சொல்லியிருந்தார்கள். யாரோ அண்டை வீட்டார் செய்தியைச் சொல்வதுபோல இருந்தது என் குரல். அவர் கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு, வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று கேட்டார். மகள் என்றேன்.

"அதுகிட்ட சொல்லிருங்கண்ணே. பாவம், அது என்ன நெனச்சிட்டு இருக்கோ. தெரியாதுலா."

கழுவித் திரும்ப மாட்டிய பிறகு அவரே இன்னொரு வாய் குடித்து, இப்போது சரி என்றார். நான் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

மகள் வங்கியில் வேலை பார்க்கிறாள். அம்மா போன பிறகுதான் அடுப்படிக்கே வந்தாள். அன்று மாலை அவள் சோறு போட்டபோது, நாக்குக்கு எதுவும் தெரியவில்லை என்று சொன்னேன். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எப்போலேருந்துப்பா?"

"அம்மா போனதுலேருந்துன்னு நெனைக்கிறேன்."

சில நாட்களுக்கு முன் ஒருநாள் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாளாம். நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு, மறுநாள் வேண்டுமென்றே போடவில்லை. அதற்கடுத்த நாளும், அன்றும் போடவில்லை.

"ஏதாச்சும் சொல்லுவீங்கன்னு பாத்தேன்பா. திட்டினாக்கூடப் பரவால்லன்னு இருந்துச்சு. நான் இங்க இருக்கறதே உங்களுக்குத் தெரியலையோன்னு நெனச்சேன்."

அவள் அழுதாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்தேன். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை. பிறகு உப்பு ஜாடியை எடுத்துவந்து குழம்பில் போட்டுக் கலக்கி, அவளே ருசி பார்த்தாள். சாப்பிட்டோம்.

மறுநாள் வங்கியில் விடுப்புச் சொல்லிவிட்டு என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். மருத்துவர் பரிசோதித்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, தானாகத் திரும்பலாம் என்றார். திரும்ப மாதங்கள் ஆயின. அதுவரை கடைக்காரர்களைக் குடித்துப் பார்க்கச் சொல்லித்தான் வேலையை முடித்தேன். முதலில் தெரிந்தது புளிப்பு, ஒரு மத்தியானம் ரசத்தில். மகளிடம் சொன்னேன். அவள் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள்.