அடியாழம் அக்கா சேர்த்த வரி

அடியாழம் அக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். யார் எதைச் சொன்னாலும் "அடி வரைக்கும் போய்ப் பார்த்தியா?" என்று கேட்டு உயிரை வாங்குவார். பத்தொன்பது வருடமாக அவர் வேலையும் அதுதான். ஒரு புரோகிராம் தன்னைத்தானே ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அதற்கு ஒதுக்கிய இடம் தீர்ந்துவிடும். அப்போது அதை ஓட்டும் எங்கள் மென்பொருளான மெய்நிகர் இயந்திரம் 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' என்று பிழையைச் சொல்லிவிட்டு, தான் சாகாமல் ஓட வேண்டும். ஓடுகிறதா என்று அக்கா பார்ப்பார். குழியில் தள்ளிவிடச் சம்பளமா என்று பக்கத்து நாற்காலியிலிருந்து நான் கிண்டலடிப்பேன்.

புதிய பதிப்பின் வெளியீட்டுக்கு நான்கு நாள் இருக்கையில், முந்நூறு தடவைக்கு ஒரு தடவை இயந்திரம் வாயே திறக்காமல் செத்தது. பிழைச் செய்தி இல்லை, பதிவும் இல்லை. வெளியீட்டை நிறுத்தச் சொன்னார் அக்கா.

"சும்மா செத்துச்சுன்னா எப்படி? எங்க செத்துச்சுன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டுங்க," என்றார் மேலாளர். "இல்லன்னா இந்தச் சோதனைக்குத் தனியா ஒரு ஆள் எதுக்குன்னு மேல கேப்பாங்க."

எவ்வளவு ஆழத்தில் சாகிறது என்று திரையில் அச்சிட, சோதனைப் புரோகிராமில் அக்கா ஒரு வரி சேர்த்தார். ஐயாயிரம் தடவை ஓட்டியும் சாகவில்லை. வரியை எடுத்தார், செத்தது. திரும்பப் போட்டார், கல்லுக்குண்டு மாதிரி ஓடியது. அந்த வரி ஒவ்வொரு அழைப்பும் பிடிக்கும் இடத்தைக் கொஞ்சம் மாற்றிவிடுவதால் இடறும் இடத்தை அது தாண்டிவிடுகிறது என்று அவருக்குப் புரிந்தது. புரிந்து என்ன பயன்? பார்த்தால் சாகாத ஒன்றை யாருக்குக் காட்டுவது?

வெள்ளிக்கிழமை மேலாளர் வந்து நின்றார். திரை முழுக்கத் தேர்ச்சியின் பச்சை.

"அதான் சரியாயிடுச்சே. அந்த வரி அப்படியே இருக்கட்டும்."

"சார், அது பார்க்கறதுக்காகப் போட்டது. எடுத்தா மறுபடியும் சாகும்."

"அப்ப எடுக்காதீங்க."

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீயும்தானே பார்த்தே தம்பி, சொல்லு."

பார்த்திருந்தேன், பதினொரு தடவை. அடுத்த மாதம் என் ஒப்பந்தம் முடிய இருந்தது. எனக்குப் பயம். "சரியா ஞாபகம் இல்லக்கா," என்றேன். அவர் திரைப் பக்கம் திரும்பி 'தேர்ச்சி' என்று பதிந்தார்.

இரண்டே மாதத்தில் அவரை அனுப்பிவிட்டார்கள். தோற்காத சோதனைக்கு ஆள் எதற்கு? என் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள்; சோதனை இப்போது என் பொறுப்பில். ஆளில்லாத மதிய வேளைகளில் அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பேன். சத்தமில்லாமல் சாகும். வரியைத் திரும்பப் போட்டு, 'தேர்ச்சி' என்று பதிவேன்.