மெமரி கார்டு இங்கிலீஷும் ஒரு சுவரும்

“...சத்தம் போட்டதுக்கு மன்னிச்சிருங்க, இனிமே மெதுவா இருந்துக்கிறோம்” என்று ஜூலி இங்கிலீஷில் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி. சனிக்கிழமை மத்தியானம், கையில் ஒரு பிஸ்கட் டின்னோடு என் வாசலில் நிற்கிறாள். இடது கன்னம் வீங்கிக் கண்ணை மூடியிருந்தது. உதட்டோரத்து ரத்தம் இன்னும் காயவில்லை. அடி வாங்கியவள், அடித்த சத்தத்துக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்! இங்கிலாந்துக்கு வந்து இரண்டு வருஷம். குளிர் பழகிவிட்டது, உறைப்பில்லாத சாப்பாடும் பழகிவிட்டது. இது எனக்குப் பிடிபடவில்லை.

பத்து நிமிஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் அவளைப் பிடித்துச் சுவரில் மோத அடித்துக்கொண்டிருந்தான். என் பக்கம் மாட்டியிருந்த கலண்டர் ஒவ்வொரு மோதலுக்கும் குதித்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த பெரிய கரண்டியை எடுத்து நானும் சுவரில் ஓங்கி ஓங்கித் தட்டினேன். அட்டை மாதிரிச் சுவர், குழி விழுந்துவிட்டது. அந்தப் பக்கம் சட்டென்று அமைதி. இங்கே சுவரைத் தட்டினால் ‘தொந்தரவு பண்ணாதே’ என்று அர்த்தமாம். அதனால்தான் இந்த பிஸ்கட்.

இலங்கையில், எங்கள் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில் அதற்கு அர்த்தமே வேறு. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துக் காம்பரா, அறைக்கொரு குடும்பம், ஒவ்வொரு இரண்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். ஒரு காம்பராவில் ஆம்பளை கை நீட்டினால் பக்கத்துக் காம்பராவில் சுவரைத் தட்டுவார்கள். அதைக் கேட்டு அடுத்த காம்பரா, அதற்கடுத்தது என்று கடைசிவரை போகும். யாரும் உள்ளே போய் விலக்க மாட்டார்கள். ஆனால் லயம் முழுக்க அதிர்கிறபோது, முக்கால்வாசிப் பேருக்குத் தூக்கின கை இறங்கிவிடும். “தட்டு புள்ள, தட்டு! நாம கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்னு அந்தப் படுவாவுக்குத் தெரியட்டும்” என்பாள் அம்மா.

அங்கே இருந்த வயதில் எனக்கு இங்கிலீஷ் பைத்தியம். பசறை டவுனில் போன் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன் ஒருவர், நானா என்போம், மெமரி கார்டில் படம் ஏற்றிக் கொடுப்பார். “தங்கச்சி, இதுல இங்கிலீஷ் நெறைய இருக்கு” என்றார். இருந்ததென்னவோ துப்பாக்கிதான். ‘நோபடி மூவ்’, ‘ஹேண்ட்ஸ் அப்’, ‘யூ ரன், ஐ கவர் யூ’, அதாவது நீ ஓடு, நான் காவலுக்கு நிற்கிறேன். அப்புறம் போனில் ஒரு ஆப் போட்டு, பூனை பால் குடிக்கிறது, ஆப்பிள் சிவப்பு என்றும் படித்தேன். பூனையும் ஆப்பிளும் மறந்துபோயின, துப்பாக்கி நின்றுவிட்டது. இங்கே முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், படுக்கை விரிப்பை மாற்றும்போது அசையாமல் இருங்க தாத்தா என்பதற்கு ‘நோபடி மூவ்’ என்றேன். பாவம், மனிதர் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டு, அப்புறம் விஷயம் புரிந்து சிரித்தார். அந்தப் பல்லில்லாத சிரிப்பில்தான் என் வேலை தப்பியது.

செல்வமணி அக்கா விஷயத்தில் அப்படி எதுவும் தப்பவில்லை. லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பராக்காரி. காய்ச்சலில் கொழுந்து பறிக்கப் போகாமல் படுத்திருந்தாள். சோறு ஆக்காமல் வெந்நீர் மட்டும் வைத்திருக்கிறாள் என்று புருஷன் அடுப்பிலிருந்து எரிகிற விறகை உருவி அடித்திருக்கிறான். லயமே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நேரம். நான் ஒருத்திதான் வீட்டில். அதே சுவரில் முதுகைச் சாய்த்து, காதில் இயர்போனைச் செருகி, ‘யூ ரன், ஐ கவர் யூ’ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகில் சுவர் அதிர்ந்தது. படத்தில் சண்டை என்று நினைத்தேன்.

அக்காவுக்கு வலது கண் போய்விட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட முகத்தோடு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “நீ வீட்லதானடி இருந்த. ஏன் தட்டல?”

இப்போது வீங்கி மூடின கண்ணோடு இன்னொருத்தி என் வாசலில். போலீசுக்குச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். விசாக்காரிக்கு அந்த நம்பரை அமுக்குவது லேசா? ஜூலி டின்னை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பினாள். நாலே எட்டு வைத்தால் அவள் வாசல். விட்டால் போய்விடுவாள். வாயில் வந்ததைச் சொன்னேன்.

“நோ சாரி. ஐ நாட் ஆங்கிரி. மை கன்ட்ரி, வி ஹிட் வால், மேன் ஸ்டாப். யூ ரன், ஐ கவர் யூ.”

ஜூலி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் அவள் தோளுக்குத்தான் வருவேன். “நீயா?” என்று கேட்டு, வெடித்த உதட்டோடு சிரித்தே விட்டாள். அதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து அவள் பெயர் உறுமலாக வந்தது. சிரிப்பு செத்துப்போனது. என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்து, அவளே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

சுவர் அதிர்ந்தது. இந்தத் தடவை அவன் தட்டுகிறான், வெளியே வாடி என்று. கலண்டர் கீழே விழுந்தது. நான் போலீஸ் நம்பரான ஒன்பதை மூன்று தடவை அமுக்கிவிட்டு, போனைக் காதில் வைத்தேன். அட்ரஸ் சொல்லுங்கள் என்று ஒரு குரல் கேட்டது. அந்த வீட்டு நம்பரையா, என் நம்பரையா, எதைச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள், ஜூலி மேசையிலிருந்த என் ஊர்க் கரண்டியை எடுத்து, சுவரில் நான் பண்ணின அதே குழியில் ஓங்கி அடித்தாள்.