ஜாக்கெட்டுக்கு நின்ற வரிசை

என் கல்யாண வாரத்தில்தான் நாட்டையே மூடினார்கள். கொரோனா வந்த முதல் வருஷம். சாயந்திரம் ஆறு மணியோடு பஸ் கிடையாது, கடை கிடையாது, யாரும் வெளியே தலைகாட்டக் கூடாது என்று செய்தி வந்துவிட்டது. திண்டிவனம் கடைத்தெருவில் அன்றைக்கு எள் விழ இடமில்லை. மண்டபம் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தது. எங்கள் வீட்டு வாசலிலேயே தாலி கட்டிக்கொள்வது, விழுப்புரத்திலிருந்து மாப்பிள்ளையோடு ஒரு காரில் அடங்குகிறவர்கள் மட்டும் வருவது என்று இரண்டு வீட்டாரும் போனிலேயே பேசி முடித்திருந்தார்கள். அதெல்லாம் எனக்குப் பெரிதாகவே படவில்லை. என் கவலையெல்லாம் முகூர்த்தப் புடவைக்குத் தைக்கக் கொடுத்திருந்த ஜாக்கெட்.

சிரிக்க வேண்டாம். நான் சின்ன வயசிலிருந்தே கொஞ்சம் பூசினாற்போல் இருப்பவள். இது அம்மா சொல்லும் வார்த்தை. கண்ணாடி வேறு மாதிரி சொல்லும். சொந்தக்காரர் கல்யாணம் ஒவ்வொன்றிலும் முதுகில் ஊக்கு குத்திக்கொண்டு, மூச்சை அடக்கி, கைகளை உடம்போடு ஒட்டவைத்துதான் போட்டோவுக்கு நின்றிருக்கிறேன். ஒரு வளைகாப்பில் வளையல் போடக் கையை நீட்டியதும் அக்குளில் டர்ரென்று சத்தம். பந்தி முடிகிறவரை முந்தானையைப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையோ நெட்டை. பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வாசல் நிலையில் குனிந்தும் இடித்துக்கொண்டவர். அவர் கழுத்தில் மாலை போடுவதென்றால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியாக வேண்டும். அந்த நேரத்தில் தையல் விட்டால் என்ன ஆகும்?

எனக்கு மூச்சு விடும்படி தைக்கத் தெரிந்தவர் ஊரிலேயே ஒரு பாய்தான். வளைகுடாவில் பல வருஷம் தைத்துவிட்டுத் திரும்பி, கடைத்தெருவை ஒட்டிய சந்தில் ஒற்றை ஷட்டர் கடை வைத்திருந்தார். அளவெடுப்பது அவர் மனைவி. அளவைச் சத்தமாகச் சொல்ல மாட்டார். டேப்பைப் பார்ப்பார், பேசாமல் குறித்துக்கொள்வார். அந்த ஒரு மரியாதைக்காகவே நான் வேறு கடை ஏறவில்லை. ஆனால் சொன்ன தேதியில் பாய் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. எப்போது போனாலும் "கொக்கி மட்டுந்தாம்மா பாக்கி" என்பார். அந்தக் கொக்கி மாசக்கணக்கில் பாக்கி இருக்கும்.

"ஊரே அரிசிக்கு அடிச்சிக்கினு கீது. இந்தக் கூட்டத்துல ஜாக்கெட்டா? பழசு எதனா போட்டுக்கோடி" என்றாள் அம்மா.

"அரிசி இல்லன்னா கேப்பைக் கூழு குடிச்சிக்கலாம். மாலை போடும்போது கிழிஞ்சா நான் எங்கம்மா போய் ஒளியறது?" என்றேன். அம்மா மளிகைக் கடைப் பக்கம் போனாள், நான் தையல் கடைப் பக்கம் போனேன்.

ஷட்டர் மூடியிருந்தது. பாய் போனை எடுக்கவில்லை. எப்படியும் வந்துதானே ஆகவேண்டும் என்று ஷட்டரில் சாய்ந்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் பெரிய ஒயர் கூடையோடு ஓர் அக்கா வந்தார். மூடிய ஷட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னாம்மா குடுக்கறாங்கோ?"

"ஒண்ணும் குடுக்கலக்கா. டைலர் வரணும், என் ஜாக்கெட்ட வாங்கணும்."

"ஜாக்கெட்டுக்கா? இன்னிக்கா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கூடையைக் கீழே வைத்து எனக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

அவ்வளவுதான். அவருக்குப் பின்னால் ஒருவர் நின்றார், அவருக்குப் பின்னால் நான்கு பேர் வந்தார்கள். "எதோ வருதாம். இந்தப் பொண்ணு வாயத் தொறக்க மாட்டேங்குது, கெட்டிக்காரி" என்று ஒயர் கூடை அக்கா பின்னால் திரும்பிச் சொன்னது என் காதிலேயே விழுந்தது. நடு வரிசைக்குப் போவதற்குள் அது துவரம் பருப்பு ஆகிவிட்டது. சந்து முனையில் நின்றவர்கள் எண்ணெய் டின் என்று பேசிக்கொண்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"இது தையல் கடைங்க! போர்டப் பாருங்க!" என்று கத்தினேன்.

"போர்டு அப்டித்தான் இருக்கும். உள்ள என்னா வெச்சிக்கிறாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நான் உண்மையைச் சொல்லச் சொல்ல வரிசை நீண்டது. மறைப்பதற்கு ஏதோ இருப்பதால்தான் இவள் இப்படிக் கத்துகிறாள் என்று முடிவே கட்டிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அன்றைக்கு ஊருக்கே பயம். எதையாவது கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது எல்லோருக்கும்.

அப்போது சந்து முனையில் பாயின் மொபெட் தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது. பாய் வரிசையைப் பார்த்தார். ஷட்டர் வரைக்கும் நிற்கிற ஜனங்களைப் பார்த்தார். பேயறைந்த மாதிரி ஒரு கணம் நின்றவர், வண்டியைத் திருப்பி வந்த வழியே பறந்துவிட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. துணி கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற கஸ்டமர் அத்தனை பேரும் ஊர் மூடுவதற்குள் ஒன்றுசேர்ந்து வந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார் பாவம்.

"பாய்! பாய்!" என்று கத்திக்கொண்டே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"சரக்க வேற எடத்துக்கு மாத்திட்டாங்கோ! ஜல்தியா வாங்க!" என்று பின்னால் ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். மொத்த வரிசையும் வரிசை கலையாமல் என் பின்னாலேயே ஓடி வந்துகொண்டிருந்தது. முதல் ஆள் ஒயர் கூடை அக்கா.

பாய் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். பழைய பாக்கிகளுக்காக நான் பலமுறை படியேறிய வீடு. வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார்.

"அவரு ஊர்ல இல்லம்மா" என்றார். பக்கத்திலேயே மொபெட் நின்றிருந்தது. சூடு கூட ஆறவில்லை.

"எல்லாருக்கும் நாளிக்கே குடுத்துட்றேன்னு சொல்லு!" என்று உள்ளேயிருந்து பாயின் குரல் வந்தது.

"பாய், இவங்க யாரும் உங்க கஸ்டமர் இல்ல! நான் ஒருத்திதான்!"

கதவு கொஞ்சமாகத் திறந்தது. பாய் தலையை நீட்டி, தெருவை நிறைத்து நின்ற கூட்டத்தை நம்பாமல் பார்த்தார். பிறகு வழக்கம்போல, "கொக்கி மட்டுந்தாம்மா பாக்கி" என்றார்.

"காட்டுங்க" என்று கையை நீட்டினேன். வேறு வழியில்லாமல் ஒரு பையை எடுத்துவந்தார். உள்ளே கை இரண்டும் தனித்தனியாக, முதுகு தனியாக, என் அரக்கு ஜாக்கெட் துண்டு துண்டாகக் கிடந்தது. நான் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதேன். பாதி கோபம், பாதி பயம். மணமேடையில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு நிற்கிற என்னை நானே பார்த்துவிட்டேன்.

ஒயர் கூடை அக்கா எட்டிப் பையைப் பார்த்தார். "அடிப்பாவி, நெஜமாவே ஜாக்கெட்டுதானா!"

அந்தச் செய்தி கூட்டத்தின் கடைசி வரை போனது. போகப்போகச் சிரிப்பும் கூடவே போனது. சிலர் திட்டிக்கொண்டே கலைந்தார்கள். திட்டியவர்களும் சிரித்துக்கொண்டுதான் திட்டினார்கள். எனக்கே அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது.

"கல்யாணப் பொண்ணா நீ? மொதல்லயே சொல்றதுக்கு என்னா?" என்று என்னையே அதட்டினார் அக்கா. பாய் பக்கம் திரும்பினார். "யோவ் பாய், என்னாத்த பாத்துக்கினு நிக்கற? மிஷின ஓட்டு. கொக்கி நான் வெக்கறேன். துணி தைக்கிற கம்பெனில அதான் என் வேலை."

பாய் உள்ளே போய் வீட்டு மிஷினில் உட்கார்ந்தார். அவர் அவ்வளவு வேகமாகத் தைத்து நான் பார்த்ததில்லை. வாசலில் நின்றவர்கள் நகரவில்லை. "இவ்ளோ தூரம் ஓடியாந்துட்டு வெறுங்கையோட போறதா? எதனா குடும்மா" என்று பாயின் மனைவியைக் கேட்டார்கள். அவர் யோசித்துவிட்டு உள்ளே போய் ஒரு மூட்டையைக் கொண்டுவந்தார். வெட்டி மிஞ்சிய பருத்தித் துணியில் பொழுதுபோகாமல் தைத்து வைத்திருந்த மாஸ்க்குகள். கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், ஊதா. மெடிக்கல் ஷாப்பில்கூட மாஸ்க் கிடைக்காத நாள் அது. மூட்டை காலியாக எவ்வளவு நேரமாயிற்று என்று நான் கவனிக்கவில்லை. வாங்கினவர்கள் உடனே மாட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். கடைசியாகக் கேட்டவருக்கு என் ஜாக்கெட்டில் வெட்டி மிஞ்சிய அரக்குத் துண்டிலேயே ஒன்று தைத்துக் கொடுத்தார் பாய். கடைசியாகக் கேட்டவர் வேறு யார், வேலையில் மூழ்கி மூட்டையைத் தவறவிட்ட ஒயர் கூடை அக்காதான்.

கொக்கி வைத்து முடித்ததும் பாயின் மனைவி என்னை உள்ளறைக்கு அழைத்துப் போனார். "கையத் தூக்கும்மா" என்றார். தூக்கினேன். மூச்சை இழுத்து விட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

"என் கொக்கி அது. மாடு கட்டி இழுத்தாலும் வராது" என்றார் கதவுக்கு வெளியே நின்ற அக்கா. எந்தத் தெரு, எப்போது முகூர்த்தம் என்று கேட்டுக்கொண்டுதான் போனார்.

ஆறு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா எனக்கு முன்பே வந்திருந்தாள். மளிகைக் கடையில் மிஞ்சியிருந்தது பெருங்காயம் ஒன்றுதான் என்று பை நிறைய அதையே அள்ளி வந்திருந்தாள். என் கையில் இருந்த ஜாக்கெட்டை வாங்கி, கொக்கி ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தாள். அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டு ரசம் தெருமுனை வரை மணத்தது.

முகூர்த்தத்தன்று பாஸ் வாங்கிக்கொண்டு ஒரே காரில் வந்தார்கள் மாப்பிள்ளை வீட்டார். வாசலில் பந்தல் இல்லை, மேளம் இல்லை. ஆனால் காய்கறி வாங்கக் காலையில் விட்டிருந்த நேரம் என்பதால் தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. போகிறவர்கள் தள்ளித் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் கிளிப்பச்சை மாஸ்க் ஒன்று தெரிந்தது, மாம்பழ மஞ்சள் ஒன்று தெரிந்தது. கேட்டை ஒட்டி, கீரை வழியும் ஒயர் கூடையோடு ஓர் அரக்கு மாஸ்க்கும் நின்றது.

மாலையைக் கையில் கொடுத்தார்கள். பழைய பழக்கத்தில் என் முழங்கைகள் உடம்போடு ஒட்டிக்கொண்டன. மாப்பிள்ளை நல்ல மனிதர். எனக்கு எட்டட்டும் என்று தலையைத் தாழ்த்தினார்.

"மாப்ள, குனியாத!" என்று கேட்டிலிருந்து ஓர் அதட்டல். "நிமிந்து நில்லு! பொண்ணு தூக்கட்டும்! கொக்கி என்னுது!"

வாசலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். யார் இந்தம்மா என்று மாப்பிள்ளை கண்ணாலேயே என்னைக் கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் நிமிர்ந்தார். நான் இரண்டு கையையும் நன்றாகத் தூக்கி மாலையைப் போட்டேன். மாலை அவர் தோளில் விழுந்த பிறகும், கேட்டுக்கு வெளியே இருக்கிறவர்களுக்கும் தெரியட்டும் என்று, கையை இறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.